பழைய டிராக்டருக்குக் கிளட்ச் மாற்றப் போகிறீர்களா? முதலில் என் ரூ.34,500 போன கதையைப் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போகட்டும்’ என்று நாமும் விட்டுவிடுவோம், அந்தப் பட்டறைக்காரன் அடுத்தவன் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்துவிடுவான்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலை, கவுஞ்சிப் பக்கம். வண்டி அப்பா வாங்கிய மாஸி 1035, டபுள் கிளட்ச். பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுக்க மிதித்தால் பிடிஓவும் (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) நிற்கும். உள்ளே இரண்டு தட்டு, வண்டிக்கு ஒன்று, பிடிஓவுக்கு ஒன்று. கேரட் மூட்டையோடு ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. தட்டு தேய்ந்துவிட்டது என்று யாருக்கும் தெரியும்.

அடிவாரத்தில், பழைய டிராக்டர் மட்டுமே பார்ப்போம் என்று போர்டு வைத்த ஒரு பட்டறை. லாரியில் ஏற்றி இறக்கினோம், அந்த வாடகை தனி. பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பானெட்டைத் தடவி, “எங்கப்பாவும் இதே வண்டிதாண்ணே வச்சிருந்தாரு”ன்னார். டீ வரவழைத்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியை எடுத்து வந்து என் கையிலேயே கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். ஹோலோகிராம் ஸ்டிக்கர், எண்ணெய்த்தாளில் சுற்றிய புத்தம்புது தட்டு இரண்டு, தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அதை விலக்கும் ரிலீஸ் பேரிங். எல்லாம் சேர்த்து ரூ.34,500. முழுப் பணத்தையும் ஜிபேயில் போட்டேன்.

“வண்டியை ரெண்டாப் பிரிக்கணும்ணே, இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? கடைசி பஸ்ஸப் பிடிங்க”ன்னார். அந்த அக்கறையில்தான் விழுந்தேன். பெட்டி சீட் மேல் இருந்தது, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

திரும்ப எடுக்கும்போது சமதளத்தில், டிரெய்லர் இல்லாமல் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். அப்படி ஓட்டினால் எந்த வண்டியும் ஓடும். பில் கேட்டேன். ஜிஎஸ்டி போட்டால் கூடிவிடுமாம். ஒரு துண்டுச் சீட்டில் ‘கிளட்ச் வேலை 34,500’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மேலே வந்து மூட்டை ஏற்றிய அன்றே ஏற்றத்தில் லைனிங் (தட்டின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டை) தீயும் வாடை. போன் போட்டேன். “புதுத் தட்டுண்ணே, செட் ஆகணும்”ன்னார். அப்புறம், “பெடல் ராடைக் கொஞ்சம் திருகி விடுங்க.” திருகினோம், வாடை போகவில்லை. அப்புறம், “மலைக்காரங்க கிளட்ச் மேலயே கால வச்சு ஓட்டுவீங்க, அதான்.” நாற்பது வருஷமாக மலையில் ஓட்டுகிற அப்பாவுக்கு இவர் கால் வைக்கச் சொல்லித் தருகிறார்! பிறகு போனைப் பையன் எடுத்தான், முதலாளி கோயிலுக்குப் போயிருக்கிறார் என்றான். கடைசியாக நேரில் போனபோது, “இந்தப் பழைய வண்டிக்கு இதுக்கு மேல என்ன எதிர்பாக்குறீங்க?” அதன் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான் வருகிறது.

நேற்று பூம்பாறைப் பக்கமிருந்து எங்கள் பழைய மெக்கானிக்கைக் கூட்டி வந்து பிரித்தோம். பிரஷர் பிளேட் கவர் வெள்ளிப் பெயின்டில் பளபளவென்று இருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார். அடியில் துரு. இன்னும் கொஞ்சம் சுரண்டியதும் கவர் ஓரத்தில் மூன்று பஞ்ச் குறி வந்தது. கழற்றிய கவரைப் பழையபடியே மாட்டுவதற்காக ஃப்ளைவீலிலும் கவரிலும் சேர்த்து அடித்து வைக்கும் குறி அது. “இது நான் அடிச்சதுதான் தம்பி”ன்னார். எங்கள் பழைய கவரையே பெயின்ட் அடித்து எங்களுக்கே ரூ.34,500க்கு விற்றிருக்கிறான். வண்டிக்கான பெரிய தட்டில் பழைய ஹப்பின் (தட்டின் நடுப்பாகம்) மேல் புது லைனிங் ரிவெட் அடித்திருக்கிறது, ஹப் ஸ்பிரிங் கையால் ஆட்டினாலே ஆடுகிறது. பிடிஓ தட்டைத் தொடவே இல்லை. ரிலீஸ் பேரிங் அழுத்துகிற நெம்புகளான மூன்று ஃபிங்கரும் மூன்று உயரத்தில் நிற்கின்றன. கியர்பாக்ஸ் முன் ஆயில் சீல் கசிந்து தட்டெல்லாம் எண்ணெய். அந்தச் சீலின் விலை என்ன? எண்ணெய் பட்டால் புதுத் தட்டே போட்டாலும் வழுக்கும், அதைக்கூட மாற்றவில்லை. பெட்டியில் இருந்த புது செட் இந்நேரம் எத்தனை பேருக்குக் காட்டப்பட்டிருக்குமோ!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. வண்டியைச் சேர்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய சாமானைச் சாக்கில் கட்டி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஃபிங்கர் உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். பெடல் கொஞ்சம் சும்மா ஆடிய பிறகுதான் பிடிக்க வேண்டும். தொட்டவுடன் பிடித்தால் பேரிங்கும் தீயும், தட்டும் தீயும். லோடோடு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். பார்ட் நம்பரோடு பில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, அங்கே புகார் கொடுக்கவும் பில் இருந்தால்தான் பிடி கிடைக்கும். எனக்கு இருப்பது துண்டுச் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும். அதை வைத்தே திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

வண்டி இன்னும் இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கிறது. மாஸிக்கு ஸ்பேர் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை, மதுரையில் செட் சொல்லியிருக்கிறேன். இதே பட்டறையில் பணம் விட்டவர்கள் மேல்மலையில் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.