என்எஃப்எஸ், சாம்பா, எஸ்எஸ்எச்எஃப்எஸ்: 'பெர்மிஷன் டினைடு' எதில் எப்படித் தீரும்?

வேறொரு கணினியின் (சர்வரின்) ஃபோல்டரை நெட்வொர்க் வழியே நம் கணினியில் இணைக்க, அதாவது மவுண்ட் செய்ய, உதவுபவை இந்த மூன்றும். ஃபோல்டர் மவுண்ட் ஆகிவிட்டது, ஃபைல்களும் தெரிகின்றன. எழுதப் போனால் 'பெர்மிஷன் டினைடு'. அவசரப்பட்டு 777 (எல்லோருக்கும் முழு உரிமை) போட வேண்டாம். யார் அனுமதியைச் சரிபார்க்கிறார்கள் என்பது மூன்றிலும் வேறுவேறு.

என்எஃப்எஸ், கெர்பரோஸ் (யூசர் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) இல்லாத வழக்கமான அமைப்பில், யூசர் பெயரைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு யூசருக்கும் கணினி தரும் யுஐடி எண்தான் கணக்கு. உபுண்டுவில் முதல் யூசர் 1000, மேக்கில் 501. சர்வரில் 1000 வேறொருவருடையது என்றால் நீங்கள் எழுதும் ஃபைல் அவர் பெயரில் விழும். 'எல்எஸ் -எல்என்' கொடுத்தால் எண்கள் அப்படியே தெரியும். எல்லா மெஷினிலும் ஒரே யுஐடி வைப்பதே முறையான தீர்வு. யுஐடியை மாற்றும் 'யூசர்மாட் -யு' கட்டளை ஹோம் ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டுமே மாற்றும். வெளியே கிடப்பதை நீங்கள்தான் 'சௌன்' (உரிமையாளரை மாற்றும் கட்டளை) செய்ய வேண்டும். சர்வர் எதை யாருக்குப் பகிர்கிறது என்று சொல்லும் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் 'ஆல்_ஸ்குவாஷ்', 'அனான்யுஐடி', 'அனான்ஜிஐடி' போட்டு எல்லோரையும் ஒரே யூசராக்கலாம். ஆனால் யார் எழுதினார் என்ற தடயம் போய்விடும். ரூட்டாக (நிர்வாகியாக) இயங்க வைக்கும் சூடோவும் கைகொடுக்காது: 'ரூட்_ஸ்குவாஷ்' இயல்பாகவே இருப்பதால் ரூட், 65534 என்ற சிறப்புரிமை இல்லாத யூசர் ஆகிவிடும். 16 குரூப்புக்கு மேல் உள்ளவருக்கு மிச்சக் குரூப்புகள் செல்லாது. சர்வரில் மவுண்ட்டி என்ற சர்வீசுக்கு 'மேனேஜ்-ஜிஐடிஸ்' கொடுத்தால் தீரும்.

விண்டோஸ், மேக், லினக்ஸ் கலந்த அலுவலகமா? என் ஓட்டு சாம்பாவுக்கே. இங்கே சிக்கல் இரண்டு இடத்தில். லினக்ஸ் கிளையண்டில் சூடோவால் மவுண்ட் செய்தால் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தம், 755 (உரிமையாளர் மட்டுமே எழுதலாம்) என்று காட்டும். உரிமையை மாற்றும் 'சிஎச்மாட்' பிழை சொல்லாமல் ஓடும், பெரும்பாலும் எதுவும் மாறாது. மவுண்ட் ஆப்ஷனிலேயே யுஐடி, ஜிஐடி (குரூப் எண்), 'ஃபைல்_மோட்=0664', 'டிர்_மோட்=0775' கொடுங்கள். இது கிளையண்ட் பக்கம் மட்டுமே. லாகின் செய்த யூசருக்கு சர்வரில் உரிமை இல்லையென்றால் பயனில்லை. சர்வரில் சாம்பா அமைப்பில் 'கிரியேட் மாஸ்க்' (புது ஃபைலுக்கான உரிமை வரம்பு) இயல்பாக 0744; குரூப்புக்குப் படிக்க மட்டுமே உரிமை. அதனால்தான் ஒருவர் சேமித்த ஃபைலைக் குரூப்பில் இன்னொருவர் திருத்த முடிவதில்லை. அதை 0664, 'டைரக்டரி மாஸ்க்' 0775 ஆக்கி, எல்லா ஃபைலையும் ஒரே குரூப்பில் வைக்கும் 'ஃபோர்ஸ் குரூப்' சேர்த்து, மறுபடி மவுண்ட் செய்யுங்கள். பழைய ஃபைல்களுக்கு இது பொருந்தாது. சர்வரில் ஒருமுறை குரூப்பை மாற்ற 'சிஎச்ஜிஆர்பி', பிறகு குரூப்புக்கு எழுதும் உரிமை தர 'சிஎச்மாட் -ஆர்' (பெரிய எழுத்து R) ஓட்டுங்கள்.

தனி ஆளுக்கு எஸ்எஸ்எச்எஃப்எஸ் போதும். எஸ்எஸ்எச் (சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) யூசரால் சர்வரில் முடிவதெல்லாம் இங்கும் முடியும்; 'ஐடிமேப்=யூசர்' உரிமையாளரைத்தான் மாற்றிக் காட்டும், உரிமையை அல்ல. மவுண்ட் செய்தவரைத் தவிர வேறு யாரும், உள்ளூர் ரூட் உட்பட, நுழைய முடியாது. ரூட்டாக இயங்கும் டாக்கர் (கண்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) முட்டிக்கொள்வது இங்கேதான். எஸ்எஸ்எச்எஃப்எஸ்ஸுக்கு அடித்தளமான ஃபியூஸின் கான்ஃபிக் ஃபைலில் 'யூசர்_அலவ்_அதர்' வரியைத் திறந்துவிட்டு, மவுண்டில் 'அலவ்_அதர்' சேர்த்தால் வழிவிடும்.