ஹைப்ரிட்டும் வேணும், ஃபோர் வீலும் வேணும் என்று பழைய எஸ்யூவியைக் கொடுக்கப் போகிறீர்களா?

தேனி மாவட்டம் கம்பத்துக்காரர் ஒருவருக்குக் கம்பம் மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் இடுக்கி எல்லைக்குள் ஏலக்காய்த் தோட்டம். 2014 ஸ்கார்பியோ ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, "ஹைப்ரிட் சார், மைலேஜும் வரும், ஃபோர் வீலும் வரும்" என்று ஷோரூமில் சொன்னதை நம்பிப் புது வண்டி எடுத்தார். முதல் மழையில் தோட்டத்து ஏற்றத்தில் முன் சக்கரம் இரண்டும் செம்மண் சேற்றை வாரி இறைத்துச் சுற்றின. பின் சக்கரங்களில் ஒன்றுகூட அசையவில்லை. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அது முன் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, அவ்வளவுதான்.

இதே பேச்சில் ஏமாந்தவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டும் 2022-ல் வந்தவை. அடிப்படையில் ஒரே வண்டி. இரண்டிலும் ஹைப்ரிட் இருக்கிறது, நான்கு சக்கர இயக்கமும் இருக்கிறது. ஆனால் பெரிய மைலேஜ் தரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டும் நான்கு சக்கர இயக்கமும் ஒரே வேரியன்ட்டில் கிடையாது. லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் வருவது ஸ்ட்ராங் ஹைப்ரிட். 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜின், கூடவே ஒரு மின் மோட்டார், முன் சக்கர இயக்கம் மட்டும். நான்கு சக்கரமும் இழுப்பது மைல்ட் ஹைப்ரிட். அதில் இருக்கும் சின்ன 12 வோல்ட் லித்தியம் பேட்டரி இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்குமே தவிர, வண்டியைத் தனியாக மின்சாரத்தில் ஓட்டாது. சேல்ஸ்மேன் செய்வதெல்லாம் முதலாவதின் மைலேஜையும் இரண்டாவதின் ஃபோர் வீலையும் ஒரே வாக்கியத்தில் சேர்ப்பதுதான். கம்பெனி பிரசுரத்தில் இரண்டும் தனித்தனியாகத் தெளிவாகவே அச்சாகியிருக்கிறது. பிரசுரத்தைக் கையில் கொடுக்காமல் போனில் படம் காட்டிப் பேசினால் சந்தேகப்படுங்கள்.

பெயர்களும் குழப்பும். கிராண்ட் விட்டாராவில் ஆல்ஃபா பிளஸ், ஸீட்டா பிளஸ் என்று 'பிளஸ்' ஒட்டியிருந்தால் ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது ஃபோர் வீல் இல்லை. பிளஸ் என்றால் எல்லாம் கூடுதலாக இருக்கும் என்று நினைப்பது இயல்புதான். அந்த நினைப்பில்தான் ஆட்கள் விழுகிறார்கள். ஹைரைடரில் 'நியோ டிரைவ்' என்றால் மைல்ட் ஹைப்ரிட். ஃபார்ச்சூனரிலும் 2025-ல் 'நியோ டிரைவ்' வந்தது. அது 48 வோல்ட் அமைப்போடு வரும் 2.8 லிட்டர் டீசல், நிஜமான ஃபோர் பை ஃபோர். பெயர் ஒன்றானாலும் சரக்கு வேறு, விலையும் வேறு. நான்கு சக்கர இயக்கத்துக்கு மாருதி வைத்திருக்கும் 'ஆல்கிரிப்' என்ற பெயரும் அப்படித்தான். ஜிம்னியில் இருப்பது லோ ரேஞ்ச் (கடும் ஏற்றத்தில் மெதுவாக, அதிக விசையோடு ஏற உதவும் தனி கியர்) உள்ள ஆல்கிரிப் புரோ, கிராண்ட் விட்டாராவில் இருப்பது லோ ரேஞ்ச் இல்லாத ஆல்கிரிப் செலக்ட்.

பேச்சை விடுங்கள், குனிந்து பாருங்கள். டெலிவரிக்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். இந்த மாடல்களில் ஃபோர் வீல் என்றால் கியர்பாக்ஸிலிருந்து நடுவாக ஒரு ப்ரொபெல்லர் ஷாஃப்ட் (நீளமான சுழல் தண்டு) பின்னால் ஓடும். பின்பக்கம் சின்னதாக ஒரு கிரவுன் (விசையைப் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) இருக்கும், அதிலிருந்து இரண்டு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட் போகும். ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். உள்ளே டிரைவ் மோடு திருகியில் 'ஸ்னோ', 'லாக்' இருக்கிறதா என்றும் பாருங்கள். டிரைவ் மோடு என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஈக்கோ, நார்மல், பவர் முன் சக்கர வண்டியிலும் உண்டு. (லெக்ஸஸ் என்எக்ஸ் போன்றவற்றில் பின் சக்கரத்துக்குத் தனி மோட்டார் இருப்பதால் ஷாஃப்ட் இல்லாமலே நான்கும் இழுக்கும். இங்கே பேசும் வண்டிகளில் அது இல்லை.)

சரியான ஃபோர் வீல் வேரியன்ட்டையே எடுத்தாலும் பழைய வண்டியின் வேலையை இது செய்யுமா என்பது தனிக் கேள்வி. அந்த ஸ்கார்பியோவின் 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் 280 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை (டார்க்) தரும், லோ ரேஞ்சும் உண்டு. ஆல்கிரிப் செலக்ட் பெட்ரோலுக்கு 136.8 தான். முதல் கியரில் ஊர்ந்து ஏறும் இடத்தில் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். லோ ரேஞ்ச் இல்லாததால் இன்ஜினை உறுமவிட்டுத்தான் ஏற வேண்டும். பின் சக்கரத்துக்கு விசை கொடுப்பது மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் கிளட்ச் தட்டுகள். சேற்றில் விடாமல் சுழற்றினால் அவை சூடேறும், சூடு மிஞ்சினால் தற்காப்பாக விசையைக் குறைத்துக்கொள்ளும். கூடலூர் எஸ்டேட் சாலைக்கும் ஊட்டி மழைக்கும் தாராளமாகப் போதும். ஏலத்தோட்டத்து ஜீப் பாதைக்குப் போதாது. லோ ரேஞ்ச் வேண்டுமென்றால் தார் ராக்ஸ் டீசல் ஃபோர் பை ஃபோர், ஸ்கார்பியோ என், ஜிம்னி, கூர்க்கா பக்கம் பாருங்கள். அவற்றில் ஹைப்ரிட் இல்லை.

ஸ்ட்ராங் ஹைப்ரிட்டை மலையில் வைத்திருப்பவர்களுக்கு மூன்று விஷயம். பேட்டரி 0.76 கிலோவாட் ஹவர்தான், நீண்ட ஏற்றத்தில் சீக்கிரம் இறங்கிவிடும். பிறகு இன்ஜின் கத்திக்கொண்டு ஏறும், அது கோளாறு அல்ல. வண்டி நின்றுபோனால் முன் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகக் கூடாது, மோட்டாரும் சேர்ந்து சுற்றும். பிளாட்பெட்தான். தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. சாதாரண 12 வோல்ட் பேட்டரி செத்தால் பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தும் வண்டி 'ரெடி' நிலைக்கு வராது. ஷோரூம் யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் இந்தத் தொல்லை அதிகம். கம்பெனி தரும் சான்றான ஃபார்ம் 22-ல் தயாரித்த மாதத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இனி எக்ஸ்சேஞ்ச். தோட்டக்காரருக்குப் பெரிய அடி விழுந்தது இங்கேதான்.

"பத்து வருஷ டீசல், தடை வரப்போகுது, இப்பவே தள்ளிடுங்க" என்று பயமுறுத்தி விலையை அடித்தார்கள். பத்து வருடக் கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது. தமிழ்நாட்டில் தனியார் வண்டிக்கு ஆர்சி (பதிவுச் சான்று) 15 வருடம் செல்லும், பிறகு தகுதிச் சோதனை செய்து 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். அடுத்து, கம்பெனி தரும் எக்ஸ்சேஞ்ச் போனஸைப் பழைய வண்டியின் விலையோடு சேர்த்து ஒரே தொகையாகக் காட்டினார்கள். வண்டி விலை தனி, போனஸ் தனி என்று கொட்டேஷனில் இரண்டு வரி கேளுங்கள். எழுதித் தர மறுத்தால், வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டு வாருங்கள்.

பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயர் காலியாக இருக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். வண்டி புரோக்கர் கைக்குப் போனது, ஆர்சி பெயர் மாறவில்லை. பிறகு ஓவர் ஸ்பீடு சலான் இவர் போனுக்கு வந்தது, ஃபாஸ்டேக்கில் சுங்கமும் கழிந்தது. சலானோடு போனால் பரவாயில்லை. விபத்து நடந்தால் ஆர்சியில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. இதற்கு வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பதிவு பெற்ற பழைய வண்டி டீலரிடம் கொடுத்தால் ஃபார்ம் 29சி மூலம் அரசின் பரிவாஹன் தளத்தில் தெரிவிக்கலாம். அதன்பின் வண்டிக்கு டீலரே பொறுப்பு. "உங்களிடம் அந்த அங்கீகாரம் இருக்கிறதா" என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால், வாங்குபவர் பெயர் நிரப்பாத ஃபார்மில் கையெழுத்து வேண்டாம். சாவி கொடுக்கும் நேரம், ஓடிய கிலோமீட்டர் எழுதிய டெலிவரி சீட்டு வாங்குங்கள், ஃபாஸ்டேக்கை அன்றே மூடுங்கள். பழைய கடன் இருந்தால் ஆர்சியில் கடனை நீக்கும் ஃபார்ம் 35-ம் வங்கியின் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) முன்பே தயாராக இருக்கட்டும்.

இன்ஷூரன்ஸில் இன்னொரு ஓட்டை. நோ க்ளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. ஐந்து வருடம் க்ளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை புது வண்டியின் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் கழியும். பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும், 3 வருடம் செல்லும். தோட்டக்காரரின் பாலிசியில் அது பூஜ்யம் என்று போட்டிருந்தார்கள். ஷோரூமிலேயே பாலிசி எடுக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை.

பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்றிருந்தால் நீக்கச் சொல்லுங்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) சட்டப்படியானது, வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். அதைச் சொல்ல மாட்டார்கள். ஹைப்ரிட்டுக்கு சாலை வரி இல்லை என்று சொன்னால் அது உத்தரப் பிரதேசத்தில் 2024-ல் வந்த சலுகை. இங்கே காரின் விலைக்கு ஏற்ப வரி உண்டு, 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம்.

புக்கிங் ஃபார்மில் வேரியன்ட் முழுப் பெயரோடு 'நான்கு சக்கர இயக்கம்' என்று எழுதி, ஷோரூம் சீல் வாங்குங்கள். அதோடு அதே வாக்கியத்தை சேல்ஸ்மேனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வாங்கி வையுங்கள். வேறு வண்டி வந்திருந்தால் பதிவுக்கு முன்பே மறுத்துவிடுங்கள். பதிவானபின் திருப்புவது பெரும்பாடு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே போடலாம், காலக்கெடு 2 வருடம், வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். தோட்டக்காரர் சேல்ஸ்மேனின் வாட்ஸ்அப் செய்தியை நோட்டீஸோடு இணைத்த பிறகு ஆர்சி பெயர் மாறியது, ஹேண்ட்லிங் பணமும் திரும்ப வந்தது. வண்டியை மாற்றித் தர ஷோரூம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.