ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு 100 கிலோ பயோகேஸ் பிளான்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

"நாளைக்கு 100 கிலோ சாப்பாட்டுக் கழிவு போடுங்க, கேஸ் தானா வரும், சிலிண்டர் செலவு மிச்சம்" என்று சொல்லி சென்னையில் கல்லூரி ஹாஸ்டல்களுக்கு விற்கப்படும் பிளான்ட்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். 10 கன மீட்டர் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்) தொட்டி, அதற்குள் கேஸ் சேரக் கவிழ்த்து வைத்த மிதக்கும் டிரம், ஒரு பக்கம் 2 எச்.பி. கிரஷர், மறுபக்கம் கேஸ் குழாயும் ஒரு பர்னரும். கம்பெனிக்குக் கம்பெனி பெயின்ட் நிறம் மாறும், அவ்வளவுதான். தொட்டி நல்ல சாமான். தொட்டிக்கு முன்னாலும் பின்னாலும் கொடுப்பவைதான் சொத்தை. விற்க வருபவர் தொட்டியைத்தான் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். நீங்கள் அந்த இரண்டு முனைகளையும் பாருங்கள்.

முதலில் கணக்கு. தட்டில் மிஞ்சிய சோறு, பொரியல், காய்கறித் தோல் எல்லாம் கலந்த 100 கிலோ கழிவில் சுமார் 20 கிலோதான் திடப்பொருள், மீதி தண்ணீர். அதிலிருந்து ஒழுங்காக ஓடும் பிளான்ட்டில் 8 முதல் 10 கன மீட்டர் கேஸ் வரும். ஒரு கன மீட்டர் பயோகேஸ் அடுப்பில் செய்யும் வேலை 0.45 கிலோ எல்.பி.ஜி. செய்யும் வேலைக்குச் சமம். ஆக நாளைக்கு அதிகபட்சம் நாலரை கிலோ. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் ஒன்று மிச்சமாக நாலு நாளாவது ஆகும். "தினம் ஒரு சிலிண்டர்" என்று நோட்டீஸில் போட்டிருந்தால் 400 கிலோவுக்கு மேல் கழிவு வேண்டும் என்று அர்த்தம். இதிலும் என்ன கழிவு என்பது முக்கியம். சமையலறையில் நறுக்கிய தோலும் காம்பும் மட்டும் போட்டால் 100 கிலோவுக்கு 4 கன மீட்டர் வந்தாலே பெரிது. சோறும் சப்பாத்தியும் கிலோவுக்குக் கிலோ அதைப்போல மூன்று நாலு மடங்கு கொடுக்கும். ரசத்தையும் கை கழுவிய தண்ணீரையும் சேர்த்து எடை போட்டால் எடை ஏறும், கேஸ் ஏறாது. ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வாரம் வடிகட்டிய கழிவை மட்டும் எடை போட்டுக் குறித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.

இனி முன்முனை. 2 எச்.பி. கிரஷர் 100 கிலோவை அரை மணியில் 10 மில்லிமீட்டருக்குக் கீழே அரைத்துவிடும். அரைக்க வந்ததில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் பிரச்சினை. கிரஷரைத் திறந்தால் தண்டைச் சுற்றி முதலில் கண்ணில் படுவது பால் பாக்கெட்டின் வெட்டிய முனை. நகத்தளவு பிளாஸ்டிக், பிளேடில் வெட்டுப்படாமல் நழுவித் தொட்டிக்குள் போய்விடும், மேலே மிதந்து படலம் கட்டும். அதோடு சாஸ் பாக்கெட், டிஷ்யூ பேப்பர், முடிச்சுப் போட்ட கேரி பேக். பாக்கெட்டை முனை தனியே விழாமல் ஓரமாகக் கீறித் திறக்கும்படி டீ மாஸ்டரிடம் சொல்லிவிட்டால் பாதி தொல்லை போச்சு. மீதிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு பிரிக்கும் மேஜை, நடுவில் வடிகால், கீழே வாளி. இதைப் பல கம்பெனிகள் கொடுப்பதில்லை, கேட்டால் "எக்ஸ்ட்ரா" என்பார்கள். கொடுத்து வாங்குங்கள். பிளான்ட்டின் ஆயுள் அந்த மேஜையில்தான் இருக்கிறது.

போடவே கூடாதவை: எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார், சிரட்டை, வாழை இலை, முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு. முதல் இரண்டும் அடியில் மண்போல் படியும்; நார்ப்பொருள் மேலே கெட்டிப்படும். ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிர்களைக் கொல்லும். ஜூஸ் கடை வைத்திருக்கும் கேம்பஸ் இதைத் தனியே உரத்துக்கு அனுப்பட்டும். ஊறுகாய் வேண்டாம், உப்பு. பொரித்த எண்ணெயை மொத்தமாகக் கொட்டினால் நுரைத்துக்கொண்டு வெளிவாய் வழியே பொங்கும். பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரில் கழிவைக் கரைப்பது எல்லாவற்றையும்விட மோசம், ஆனால் பக்கத்தில் இருப்பது அந்தக் குழாய்தான் என்பதால் அடிக்கடி நடக்கிறது. கிரஷர் மேடைக்கு நல்ல தண்ணீர் இணைப்பைத் தனியே கேட்டு வாங்குங்கள். கடலோரம், ஓ.எம்.ஆர். பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் அதையும் தவிர்ப்பது நல்லது.

கழிவும் தண்ணீரும் சமபங்கு, அதாவது 100 கிலோவுக்கு 100 லிட்டர். 10 கன மீட்டர் தொட்டியில் அது 50 நாள் தங்கும். கலக்கி இல்லாத தொட்டிக்கு இதுதான் பாதுகாப்பான சுமை. 7 கன மீட்டர் தொட்டியை "100 கிலோ மாடல்" என்று விற்பவர்களும் உண்டு. 35 நாள்தான் தங்கும், ஓடும், ஆனால் ஒரு பிரியாணி நாள் தாங்காது.

காரணம் இதுதான். மிதக்கும் டிரம் அமைப்பு காதி கிராமத் தொழில் ஆணையம் 1960-களில் ஊர் ஊராகப் பரப்பிய சாண எரிவாயுக் கலத்திலிருந்து வந்தது. சாணம் மாட்டு வயிற்றில் ஏற்கெனவே பாதி செரித்தது, மெதுவாகத்தான் உடையும். சோறு அப்படியில்லை. ஓரிரு நாளில் அமிலமாகிவிடும். அந்த அமிலத்தைத் தின்று, அடுப்பில் எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்கள் வளர நாள் பிடிக்கும். ஞாயிறு மதியம் 180 கிலோவை ஒரே மூச்சில் தள்ளினால் அமிலம் முந்திக்கொள்ளும், தொட்டி புளித்துப்போகும். அறிகுறி ஏமாற்றும்: டிரம் வழக்கத்தைவிட உயரமாக எழும்பும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், அடுப்பில் பற்ற வைத்தால் நிற்காது. வந்தது பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு.

புளிப்பை அளக்கும் பி.எச். தாளில் 6.8-க்கும் 7.4-க்கும் நடுவில் இருந்தால் கவலை இல்லை. 6.5-க்குக் கீழே போனால் உடனே கழிவு போடுவதை நிறுத்துங்கள், ஐந்திலிருந்து ஏழு நாள். வெளியே வந்த பழைய ஸ்லரியையும் (செரித்த கழிவுக் கரைசல்) புதுச் சாணக் கரைசலையும் உள்ளே விடுங்கள். அவசரமென்றால் சமையல் சோடா 5 கிலோ தண்ணீரில் கரைத்து விட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். சுண்ணாம்பைக் கொட்டும் பழக்கம் வேண்டாம்; டிரம்மில் உள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு அடியில் கல்லாகப் படியும். திரும்ப ஆரம்பிக்கும்போது கால் பங்கு.

புதுப் பிளான்ட்டைக் கிளப்புவதும் இதே ஒழுங்குதான். சாணமும் தண்ணீரும் சமமாகக் கரைத்து, கல், வைக்கோல் எடுத்துவிட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் டிரம் எழும்பும். முதலில் எழும்பும் கேஸில் காற்று கலந்திருக்கும், அதைத் திறந்துவிட்டு டிரம்மை இறக்கிவிடுங்கள். பற்ற வைத்துப் பார்ப்பது எப்போதும் பர்னரில்தான், தொட்டி வால்வில் தீக்குச்சி காட்டக் கூடாது. அதன்பின் நாளைக்கு 10 கிலோவில் ஆரம்பித்து, ஐந்தாறு வாரத்தில் 100-க்கு வரலாம். "மூணாம் நாளே ஃபுல் லோடு" என்று சொல்லும் இன்ஜினியரை நம்ப வேண்டாம். செமஸ்டர் லீவில் பட்டினி கிடந்தால் தொட்டி செத்துவிடாது. வாரக்கணக்கில் தாங்கும், திரும்பத் தொடங்கும்போது ஒரு வாரம் பொறுமை வேண்டும்.

சென்னை வெயில் இந்தப் பிளான்ட்டுக்கு வரம். ஸ்லரி சூடாக்கத் தனிச் செலவு கிடையாது. மார்கழி, தை இரவுகளில் கேஸ் கொஞ்சம் குறையும், பங்குனியில் சரியாகிவிடும். மழைதான் வில்லன். தாழ்வான பகுதியில் தொட்டியைப் புதைத்து வைத்தால், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறும் நேரத்தில் சுத்தம் செய்யவென்று காலி செய்யாதீர்கள். காலித் தொட்டியைத் தண்ணீர் மேலே தூக்கிவிடும், குழாய் இணைப்புகள் முறியும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் தரைக்கு மேலேயே வைத்துவிடுங்கள்.

டிரம்முக்கு வருவோம். எஃப்.ஆர்.பி. துருப்பிடிக்காது, இரும்பு டிரம்மைவிட எவ்வளவோ மேல். வெயிலில் சில வருஷத்தில் மேல்பூச்சு உதிர்ந்து நார் தெரியும், மறுபூச்சு பூச வேண்டும். ஆனால் லேசான டிரம் என்பதிலேயே ஒரு குறை இருக்கிறது: கேஸை அடுப்புக்குத் தள்ளுவது டிரம்மின் எடைதான். 2 மீட்டர் விட்டமுள்ள டிரம் 10 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் தர 314 கிலோ எடை வேண்டும். 120 கிலோ டிரம் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர்தான் தரும். மேலே மணல் மூட்டையோ கான்கிரீட் கட்டையோ சமமாகச் சுற்றி வைக்க இடம் இருக்க வேண்டும். ஒரு பக்கமாக வைத்தால் டிரம் சாய்ந்து, அது ஏறி இறங்கும் வழித்தண்டில் சிக்கும்.

இன்னொன்று, சேமிப்பு. அதே டிரம் 1.2 மீட்டர் எழும்பினால் உள்ளே பிடிப்பது 3.8 கன மீட்டர். இரவு ஒன்பதுக்கு அடுப்பை அணைத்தால் காலை ஆறுக்குள் அது நிரம்பிவிடும், மீதி ஓரம் வழியாகக் குமிழ் குமிழாகப் போகும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது; குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் இங்கே கொண்டுவந்து காற்றில் விடுவதில் என்ன லாபம்? 4 அல்லது 5 கன மீட்டர் பலூன் ஒன்றும், அதிலிருந்து தள்ள தீப்பொறி வராத மோட்டார் உள்ள பிளோயர் ஒன்றும் சேர்த்தே விலை கேளுங்கள். சாதா எக்ஸாஸ்ட் மோட்டாரை மாட்டித் தருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

கேஸ் வழியில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு (அழுகிய முட்டை வாடை அடிக்கும் நச்சு வாயு), முட்டையும் கறியும் போடும் மெஸ்ஸில் 1000 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 1000 பங்கைத் தாண்டுவது சாதாரணம். பித்தளை வால்வையும் பர்னரையும் அது அரித்துவிடும். கொடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் முழங்கை நீளக் குழாயில் கொஞ்சம் இரும்புச் சுருள், போதாது. ஆளுயர பி.வி.சி. குழாய் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, துருவேறிய இரும்புச் சுருள் நிறைத்து வைக்க வேண்டும். செந்நிறச் சுருள் முதல் குழாயில் முழுக்கக் கருத்ததும் அதை மாற்றுங்கள். கழற்றிய கருப்புச் சுருளைக் குவித்து வைத்தால் காற்றுப் பட்டுச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீர் தெளித்து, நிழலில் மெல்லிசாகப் பரப்பினால் மறுபடி சிவக்கும், சில தடவை திரும்பப் பயன்படும்.

பின்முனையில் இரண்டே விஷயம். குழாய் நூறு அடிக்கு ஓர் அடி சரிவோடு போக வேண்டும், தாழ்ந்த இடத்தில், கேஸின் ஈரம் சேர்ந்து நிற்கும் தண்ணீரை வடிக்க ஒரு வாட்டர் டிராப் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நீலச் சுடர் டப் டப் என்று குதிக்கும். மாஸ்டர் "கேஸ் தீந்துபோச்சு" என்று எல்.பி.ஜி.-க்கு மாறிவிடுவார், டிரம் நிரம்பியே கிடக்கும். அடுத்தது பர்னர். எல்.பி.ஜி. பர்னரையே துளையைப் பெரிதாக்கி மாட்டிவிடுவது வழக்கம். எல்.பி.ஜி. அடுப்பு 30 மில்லிபார் அழுத்தத்துக்குச் செய்தது, இங்கே டிரம்மின் மேல் எடை வைத்தாலும் கிடைப்பது 10 (கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் நீர்மட்டம்). பயோகேஸ் சுடர் மெதுவாக எரிவது, காற்று அதிகமானால் பர்னரை விட்டு எழும்பி அணையும். ஐ.எஸ். 8749 என்பது பயோகேஸ் அடுப்புக்கென்றே உள்ள தரம். அந்த முத்திரை வீட்டு அளவு அடுப்புகளுக்குத்தான் கிடைக்கும் என்றால், பெரிய பர்னரை உங்கள் மெஸ்ஸிலேயே மாட்டி, 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எதற்குப் பயன்படுத்துவது? தாளிப்புக்கும் தோசைக்கல்லுக்கும் கொடுத்து மாஸ்டரோடு சண்டை வேண்டாம். வெந்நீர் அண்டா, பால், பருப்பு வேகவைப்பது: நின்று நிதானமாக எரிய வேண்டிய வேலை. மணிக்கு 2 கன மீட்டர் குடிக்கும் பர்னர் ஒன்று ஐந்து மணி நேரம் ஓடும். பயோகேஸ் தீர்ந்தபிறகுதான் எல்.பி.ஜி. என்று ஒரே ஓர் அடுப்பை ஒதுக்கிவிட்டால் கேஸ் வீணாகாது.

ஸ்லரி தினமும் 200 லிட்டர் வெளியே வரும். உள்ளே போனது வெளியே வந்தாக வேண்டும் என்பதை வாங்கும்போது யாரும் யோசிப்பதில்லை. மூன்று பங்கு தண்ணீர் கலந்து மரங்களுக்கு விடலாம். பாதியை கழிவு கரைக்கவே திருப்பி விடலாம், தண்ணீர் மிச்சம், புளிப்பும் அடங்கும். முழுவதையும் திருப்பினால் உப்பும் அம்மோனியாவும் சேர்ந்துவிடும். மழைநீர் வடிகாலில் விடுவது கூடவே கூடாது. புல்வெளி கூட இல்லாத கேம்பஸ் இந்தப் பிளான்ட்டை வாங்காமல் இருப்பதே மேல்.

தொட்டிக்குள் எந்தக் காரணத்துக்கும் ஆள் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், வாடை இல்லையே என்று இறங்குபவர் திரும்ப மாட்டார். அடியில் படிவதை வெளியிலிருந்தே பம்ப் போட்டு எடுக்க 4 அங்குலக் குழாய் வாய் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத மாடலை வாங்கவே வேண்டாம், எவ்வளவு மலிவானாலும்.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைப் பெருங்கழிவு உருவாக்குவோர் என்று வகைப்படுத்தின. அதைக் காட்டி அவசரப்படுத்துவார்கள். அவசரம் இருந்தாலும் ஆர்டரில் மூன்று வரி எழுதி வாங்குங்கள். பர்னருக்கு முன்னால் கேஸ் மீட்டர் அவர்கள் செலவில். ஏ.எம்.சி.-யில் (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) மாதம் ஒருமுறை பி.எச். பார்ப்பதும் இரும்புச் சுருள் மாற்றுவதும் சேர்த்து. தொகையில் 20 சதவீதம், முழுச் சுமையில் 30 நாள் மீட்டர் கணக்கு நாளைக்கு 8 கன மீட்டரைத் தொட்ட பிறகு.