இன்ஜினியரிங்கிலிருந்து இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்: எந்த வாசல் யாருக்கு?

முதலில் பார்க்க வேண்டியது, பட்டம் வாங்கி எத்தனை வருடம் ஆகிறது என்பதை. நிறுவனங்களுக்கு மூலதனம் திரட்டவும் இணைப்பு, கையகப்படுத்தலுக்கும் உதவும் இந்த பேங்குகள் புதியவர்களைப் பெரும்பாலும் இரண்டு படிகளில்தான் எடுக்கின்றன: இளங்கலை முடித்தவருக்கு அனலிஸ்ட், எம்பிஏ முடித்தவருக்கு அசோசியேட். நான்கு வருடம் கோடிங் வேலை பார்த்தவர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவருக்குச் செலவில்லாத வழி, கோடைக்கால இன்டர்ன்ஷிப் பிடித்து அதையே வேலையாக மாற்றுவது. விண்ணப்பம் பல மாதங்களுக்கு முன்பே, சில இடங்களில் ஒரு வருடத்துக்கும் மேல் முன்பே திறந்துவிடும். இன்ஜினியரிங் துறையில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இறுதியாண்டில் விசாரிக்கப் போனால் இடம் நிரம்பியிருக்கும்.

அது தவறியிருந்தால் முதுகலை ஃபைனான்ஸா, எம்பிஏவா? அனுபவம் இரண்டு வருடத்துக்குள் என்றால் முதலாவது: சீக்கிரம் முடியும், அனலிஸ்டாக நுழையலாம். அதற்கு மேல் என்றால் இரண்டு வருட எம்பிஏ. ஒரு வருட எம்பிஏவில் பெரும்பாலும் நடுவில் கோடை இன்டர்ன்ஷிப் இருக்காது. துறை மாறுகிறவருக்கு அந்த இன்டர்ன்ஷிப்தான் உயிர்நாடி. வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே பேங்குகள் ஆள் தேட வந்துவிடும், அதனால் அக்கவுன்டிங்கை அங்கே போய்க் கற்கலாம் என்றிருக்க வேண்டாம்.

சிஎஃப்ஏ என்ற முதலீட்டுப் பகுப்பாய்வுப் பட்டயம்? மூன்று நிலைகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரப் படிப்பு. பட்டயம் கையில் வர, குறைந்தது 36 மாதங்களில் 4,000 மணி நேர அனுபவமும் வேண்டும். ஈக்விட்டி ரிசர்ச்சுக்கும் (பங்குகளை ஆராய்ந்து மதிப்பிடும் வேலை) முதலீட்டு நிதி மேலாண்மைக்கும் நல்ல துணை. நிறுவன இணைப்பு, கையகப்படுத்தல் வேலைக்கு இதை மட்டும் நம்பி இறங்குவது வீண். முதல் நிலை போதும், ஆர்வத்துக்குச் சாட்சியாக.

பேங்கின் ஐடி பிரிவில் சேர்ந்து உள்ளேயிருந்தே தாவலாம் என்பது பக்கத்தில் தெரியும் தூரத்து வழி. குவான்ட் (கணித மாதிரிகளால் விலையும் அபாயமும் கணிக்கும் வேலை), டிரேடிங் பக்கம் போகக் கணிதமும் கோடிங்கும் கைகொடுக்கும். இணைப்பு, கையகப்படுத்தலை நடத்தும் டீல் குழுவுக்குத் தாவுவது அபூர்வம்.

எந்த வாசலில் போனாலும் நேர்முகத்தில் வரும் கேள்வி ஒன்று: தேய்மானம் 100 கூடினால் லாப நஷ்டம், ரொக்க ஓட்டம், இருப்புநிலை என்ற மூன்று அறிக்கைகளிலும் என்ன ஆகும்? வரி 25% என்று வையுங்கள். நிகர லாபம் 75 குறையும். தேய்மானத்தில் பணம் வெளியே போகாததால் 100ஐத் திரும்பக் கூட்ட, ரொக்கம் 25 ஏறும். இருப்புநிலைக் குறிப்பில் நிலைச்சொத்து 100 இறங்கி, ரொக்கம் 25 ஏறி, மொத்தச் சொத்து 75 குறையும். எதிர்ப்பக்கம் தக்கவைத்த லாபமும் அதே 75. இன்ஜினியர்கள் சறுக்குவது கணக்கில் இல்லை, "லாபம் குறைந்தால் ரொக்கமும் குறையும்தானே" என்று அவசரப்படுவதில். அந்த 25, வரிச் செலவில் மிச்சமானது என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.