முகாம் வரை நல்ல சேவை: பிரிட்டனின் வியட்நாம் அகதிகள் மறுகுடியமர்வுத் திட்டம்

வியட்நாம் அகதிகளைக் குடியமர்த்த பிரிட்டன் 1979இல் தொடங்கிய சேவையை, அதன் வரவேற்பு முகாம்களை மட்டும் வைத்து மதிப்பிட்டால் நல்ல மதிப்பெண்ணே கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வாண்டு ஜூலையில் இந்த அகதிகள் குறித்து ஜெனீவாவில் நடந்த மாநாட்டையொட்டி, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கின் அகதி முகாம்களிலிருந்து 10,000 பேரை ஏற்பதாக தாட்சர் அரசு, விருப்பமின்றியேனும், ஒப்புக்கொண்டது. வந்தவர்களுக்கு ஆக்கண்டன் வெஞ்சர், சேவ் தி சில்ட்ரன், அகதிகளுக்கு உதவும் பிரிட்டிஷ் மன்றம் ஆகிய மூன்று தொண்டு அமைப்புகள் பொறுப்பேற்றன. தார்னி தீவு, சோப்லி போன்ற முகாம்களில் தங்குமிடமும் உணவும் தொடக்கநிலை ஆங்கிலமும் கிடைத்தன. இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்க ஒரு கூட்டுக் குழுவும் அமைக்கப்பட்டது.

முகாமை விட்டு வெளியேறிய பிறகுதான் சேவையின் தரம் சரிகிறது. எந்த ஊருக்கும் சுமை கூடிவிடக் கூடாது என்ற எண்ணத்தில், ஓரிடத்துக்குச் சில குடும்பங்கள் என்ற கணக்கில் நாடெங்கும் பிரித்து அனுப்பினார்கள். எந்த உள்ளாட்சி மன்றம் வீடு தர முன்வந்ததோ, அந்த ஊரே அக்குடும்பத்தின் ஊராயிற்று. அங்கே வேலை உண்டா, தாய்மொழி பேசும் அண்டை வீட்டார் உண்டா என்பவை பின்னுக்குத் தள்ளப்பட்டன. வந்தவர்களில் பெரும்பாலோர் வடவியட்நாமைச் சேர்ந்த சீன வம்சாவளியினர். அவர்களுக்கு ஆங்கிலம் அறிமுகமில்லை. நாட்டிலோ பொருளாதார மந்தம். விளைவாக, பல குடும்பங்கள் தாமாகவே மூட்டை கட்டிக்கொண்டு லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர் நகரங்களுக்கு இடம் பெயர்ந்தன. ஒரு சேவையைப் பற்றிப் பயனாளிகள் எழுதக்கூடிய மிகக் கடுமையான விமர்சனம் இதுவே என்பேன்.

நாடாளுமன்றத்தின் உள்துறை விவகாரக் குழு 1985இல் வெளியிட்ட அறிக்கை, பிரித்துக் குடியமர்த்திய கொள்கை தவறு என்ற கருத்து பரவலாகிவிட்டதைப் பதிவு செய்து, அரசுக்குப் பரிந்துரைகளை முன்வைத்தது. இத்தகைய அறிக்கைக்கு இரண்டு மாதங்களுக்குள் பதில் தருவது அங்குள்ள மரபு. ஆனால் பதில் எழுத வேண்டியது யார்? அகதிகளை அனுமதிப்பது உள்துறை அலுவலகத்தின் பணியாக இருந்தது. வீட்டுவசதி அன்று சுற்றுச்சூழல் துறையிடம் இருந்தது; உதவித்தொகை சுகாதார, சமூகப் பாதுகாப்புத் துறையிடம், ஆங்கிலக் கல்வி கல்வித் துறையிடம், வேலைப் பயிற்சி மனிதவளச் சேவை ஆணையத்திடம், வெளிநாட்டில் எஞ்சிய உறவினர் குறித்த பேச்சுவார்த்தை வெளியுறவு அலுவலகத்திடம். 1979இல் இவற்றுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் இடையே பாலமாக இருந்த கூட்டுக் குழு அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது.

ஆகவே ஒருங்கிணைப்பு என்பது, ஒவ்வொரு துறையிடமும் அதற்குரிய பத்திகளைக் கேட்டு வாங்கி, முரண்களை நீக்கி, ஒரே குரலில் தைத்துத் தருவதாகச் சுருங்கிவிடுகிறது. அந்தத் தையல் வேலையை உள்துறை அலுவலக ஊழியர்களால் திறம்படச் செய்ய முடியும். பணத்தையோ, இரண்டு துறைகளுக்கு நடுவே விழுந்துவிட்ட பொறுப்பையோ தைத்துச் சேர்க்க அவர்களால் முடியாது. அதற்கு அமைச்சரவை மட்டத்தில் ஒருவர் முழுப் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். என் மதிப்பீட்டில் இச்சேவையின் அடிப்படைக் குறை அதுதான்.

அதே 1985இல்தான் இலங்கைக் குடிமக்களுக்கு பிரிட்டன் விசாவைக் கட்டாயமாக்கியது என்பதை நம் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம். ஒதுக்கீட்டில் அழைத்து வரப்பட்ட வியட்நாமியருக்கு முகாமும் திட்டமும் இருந்தன. தாமாக வந்து தஞ்சம் கோரிய தமிழர்களுக்கு அதுவும் இல்லை.

வரவேற்புக்கு ஐந்தில் நான்கு தருவேன், குடியமர்வுக்கு ஒன்றரை. அந்த அரை மதிப்பெண்ணும், லண்டனின் ஹாக்னி பகுதியில் உள்ள ஆன் வியட் அறக்கட்டளை போன்ற சமூக அமைப்புகளை வியட்நாமியர் தாங்களே தொடங்கி, அரசு விட்ட இடத்திலிருந்து வேலையை ஏற்று நடத்தியதற்காகச் சேர்த்தது.