கிறிஸ்துமஸ் ஷாப்பிங்: ஜனவரியிலா, டிசம்பரிலா?

நட்சத்திரம், சீரியல் விளக்கு, மரத்தில் தொங்கவிடும் அலங்காரம், பரிசு சுற்றும் தாள் இவற்றுக்கெல்லாம் ஜனவரிதான் சரி. டிசம்பர் 25 கழிந்ததும் மீந்த சரக்கைக் கடைகள் தள்ளுபடியில் போட்டுவிடும். கெட்டுப்போகிற பொருளும் இல்லை. விளக்கை மட்டும் வாங்கிய அன்றே ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். பத்துப் பதினொரு மாதம் கழித்துப் போய் நின்றால் யார் மாற்றித் தருவார்கள்?

பரிசுகளின் கதை வேறு. முன்கூட்டியே வாங்கினால் செலவு மாதாமாதம் பிரிந்துவிடும்; டிசம்பர் நெரிசலும் கூரியர் தாமதமும் இல்லை. ஆனால் மார்ச்சில் எடுத்த சட்டை வளரும் பிள்ளைக்கு டிசம்பரில் பத்தாது. எலக்ட்ரானிக் பொருளுக்கு வாரண்டி பெரும்பாலும் வாங்கிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும். பெட்டியைப் பிரிப்பதற்குள் பெரும்பகுதி கரைந்திருக்கும். அப்புறம், ஒளித்து வைத்த இடம் மறந்துபோய் அதையே மறுபடி வாங்குகிற கூத்து தனி.

பெரியவர்களுக்கானதை எப்போது கண்ணில் பட்டாலும் வாங்கிவிடலாம். பிள்ளைகளுக்கு என்றால் நவம்பர் கடைசிவரை நான் பொறுத்திருப்பேன். அதற்குள் அவர்கள் ஆசை நாலு முறை மாறியிருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டிய பார்சலை மட்டும் அதுவரை தள்ளிப்போட வேண்டாம்.