ஐந்து பல் வைத்த சாய்வுப் பலகை: மூன்று வருட அனுபவம்

உடற்பயிற்சிக்கான சாய்வுப் பலகை விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று நண்பன் கேட்கிறான். சாய்ந்த தண்டவாளத்தில் சக்கரம் வைத்த பலகை, அதில் படுத்துக்கொண்டு நம் உடல் எடையையே பளுவாக மேலும் கீழும் சறுக்க வேண்டும். மூன்று வருடமாக அதே பலகையில் சறுக்கிக்கொண்டிருப்பவன் என்பதால் என்னிடம் வந்திருக்கிறான். ஹாலிவுட் நடிகர் சக் நாரிஸ் விளம்பரத்தில் வருவாரே, டோட்டல் ஜிம் என்ற கருவி, அந்தச் சாயலில் செய்த மலிவு ரகம் என்னுடையது. பேர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மல்லாந்து படுத்து, கீழ்த்தட்டைக் காலால் உதைத்துச் செய்யும் ஸ்குவாட்டில் என் முட்டி ஒரு நாள்கூட முனகியதில்லை. நின்றுகொண்டு பத்து செய்தால் மாடிப்படி இறங்க முடியாதவன் நான், இதில் நாற்பது போகிறேன். போன வருடம் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகி, சறுக்கும்போதெல்லாம் டக் டக் என்றது. நான்கையும் மாற்றினேன், அரை மணி நேர வேலை. அதையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

மன்னிக்க முடியாதது சாய்வை மாற்றும் அமைப்பு. ஈசி சேரில் கட்டையை மாற்றி மாற்றி வைப்போமே, அதேதான். தண்டவாளத்துக்கு அடியில் சம இடைவெளியில் ஐந்து பல், அதில் மாட்ட ஒரு முட்டுக்கால். போனில் ரசமட்டம் செயலியைப் போட்டு அளந்தேன்: 11, 15, 18, 20, 21 டிகிரி. பளு என்பது உடல் எடையை அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கியது. என் 72 கிலோவுக்கு முதல் பல்லில் சுமார் 14 கிலோ, இரண்டாவதில் 19. ஒரே தாவலில் ஐந்து கிலோ! கடைசி இரண்டு பல்லுக்கும் நடுவே ஒரு கிலோ சொச்சம்தான். முட்டுக்கால் படுத்திருக்கும்போது கொஞ்சம் நகர்த்தினாலே தண்டவாளம் விறுவிறுவென்று எழும்பும், நிமிர நிமிர அந்த வேகம் செத்துப்போகும். வடிவமைத்தவர் ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

எனக்கு வலது தோளில் பழைய வலி. முதல் பல்லில் கயிற்றை இழுத்தால் விளையாட்டு, இரண்டாவதில் எட்டாவது இழுப்பிலேயே சுருக்கென்கிறது. எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில். அங்கே பல் இல்லை.

போன மாதம் பொறுக்க முடியாமல் லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “முட்டுக்கால் எதுக்கு சார்? தூண் நட்டு ஓட்டை போட்டா முடிஞ்சுது” என்றார். 7 செ.மீ.க்கு ஒரு ஓட்டை, குறுக்கே பின். தண்டவாளம் 210 செ.மீ. நீளம் என்பதால் ஒவ்வொரு ஓட்டைக்கும் சரியாக 2.4 கிலோ ஏறுகிறது, எந்த உயரத்திலும் அதே கணக்கு. உயரத்தை நீளத்தால் வகுத்தால் வருவதுதானே சைன்! பத்தாம் வகுப்புப் பாடம். டோட்டல் ஜிம்மிலும் நேர்த்தூணில்தான் படிகள் இருக்கும். நகல் எடுத்தவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஒன்று, இப்போது அது மடங்காது. மடித்துக் கட்டிலுக்கடியில் தள்ளலாம் என்றுதான் வாங்கினேன். ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வீட்டில் தினம் ஒரு பேச்சு.

நண்பனிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உன்னுடையதைக் கொடு என்கிறான். அதெல்லாம் முடியாது. தோள் நேற்றுத்தான் மூன்றாவது ஓட்டைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது.